அரிட்டாபட்டிக் குன்றும் தலைநகர்க் கோப்பும்

மதுரை மாவட்டத்தில் மேலூருக்கு அருகே அரிட்டாபட்டி என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள கழிஞ்சமலையில் ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளும், சமணத் தீர்த்தங்கரர் உருவமும், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும் ஒருங்கே விளங்குகின்றன. குன்றில் விழும் மழைநீர் சுனைகளிலும் கண்மாய்களிலும் தேங்கி வயல்களை வளர்க்கிறது. இவற்றையெல்லாம் கருதித் தமிழக அரசு 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193 எக்டேர் நிலத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அத்தகைய சிறப்பை முதலிற் பெற்ற இடம் இதுவே.

அந்நிலத்தின் அடியில் டங்ஸ்டன் என்னும் கனிமம் இருப்பதாகக் கண்டனர். மின்விளக்கின் இழைக்கும் இரும்பை அறுக்கும் கருவிகளுக்கும் பயன்படும் உலோகம் அது. 2023-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், இத்தகைய அரிய கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. 2024 நவம்பர் 7-ஆம் நாள், ஏறத்தாழ 2,015 எக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டிப் பகுதியின் ஏலத்தில் வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வு பெற்றதென அறிவிக்கப்பட்டது. மரபுத் தலமும் அப்பரப்பினுள் அடங்கியிருந்தது.

மேலூர் வட்டார மக்கள் இதனைக் கேட்டு வாளாவிருக்கவில்லை. கருங்கல் குவாரிகளால் குன்றுகள் சிதைந்ததை அவர்கள் முன்னரே கண்டவர்கள். கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9-ஆம் நாள் தமிழகச் சட்டமன்றமும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7-ஆம் நாள் உழவர்கள் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை அணிவகுத்துச் சென்றனர். பின்னர் ஊர்ப் பிரதிநிதிகள் நம் தில்லிக்கே வந்து மத்திய அமைச்சரைக் கண்டு முறையிட்டனர். சனவரி 23-ஆம் நாள் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்துச் செய்தது. அறிவிப்புக்கும் ரத்துக்கும் இடைப்பட்டவை 77 நாட்களே.

இதற்கு முன்னோடியாக ஒடிசாவின் நியமகிரி வழக்கைக் கூறலாம். அதே குழுமம் அங்கே பாக்சைட்டு எடுக்க முனைந்தபோது, டோங்கிரியா கொந்து மக்கள் தம் மலையைத் தெய்வமெனக் கொண்டு எதிர்த்து நின்றனர். கிராம சபைகளின் கருத்தைக் கேட்டறிய வேண்டுமென 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்கப்பட்ட 12 சபைகளும் இசைய மறுத்தன.

நியமகிரியில் வன உரிமைச் சட்டமும் தீர்ப்பும் துணைநின்றமையால் மக்களைக் கேட்டனர். மேலூரிலோ ஏலம் முடிந்த பின்னரே மக்கள் தம் விடையைத் தாமே எடுத்துரைக்க நேர்ந்தது. மனித உரிமைகளை மதித்தல் வணிக நிறுவனங்களின் பொறுப்பு என்றும், பாதிப்புறுவோரைக் கலந்தறிதல் வேண்டும் என்றும் ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றம் 2011-இல் ஏற்ற நெறிகள் கூறுகின்றன. ஆனால் அவை சட்டமாகக் கட்டுப்படுத்துவன அல்ல.

ஊரின் குன்றைப் பற்றிய கோப்பு நாம் வாழும் இந்நகரத்து அலுவலகங்களில் எழுதப்படுகிறது. அதில் கையொப்பம் விழுமுன் ஊராரின் சொல்லும் இடம்பெறுமாறு சட்டம் அமைய வேண்டும். அதனை இங்கிருந்தே எடுத்துரைப்பது தலைநகர்த் தமிழராகிய நம் கடனாகும்.