நீர்க்கடுப்பும் மூலிகைக் காப்பும்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரம் துணிமணிக்குப் பெயர் பெற்றிருப்பது போலவே மருந்துச் சரக்கிற்கும் பெயர் பெற்றதாகும். இந்திய முஸ்லிம்கள் 1863-ஆம் ஆண்டில் அமைத்த பள்ளிவாசலே அத்தெருவிற்குப் பெயர் தந்தது. நெருஞ்சில் முள், மலாய் மக்கள் ‘மிசாய் கூச்சிங்’ என வழங்கும் பூனைமீசை இலை, மேனாட்டுக் கிரான்பெரியாகிய குருதிநெல்லியின் மாத்திரை ஆகிய மூன்றையும் மக்கள் நீர்க்கடுப்புக்கென வாங்குகின்றனர். இவை அந்நோய் வாராமல் காக்குமா? விடை காண்பதற்கு அதன் வரலாற்றை ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். கடுப்பு என்பது எரிச்சலோடு கூடிய வலி. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு என்னும் பெயர்கள் யாவும் நோயாளி உணரும் துன்பத்தைக் குறிப்பனவேயன்றி, அத்துன்பத்தின் காரணத்தைக் குறிப்பன அல்ல. வடமொழி மருத்துவ நூல்கள் கூறும் ‘மூத்திர கிருச்சிரம்’ என்பதும் சிறுநீர் அரிதிற் பிரிதல் என்னும் பொருளதே. ஆதலின் வெப்பத்தால் நீர் சுண்டிய நிலை, கல்லடைப்பு, கிருமித்தொற்று ஆகியவை ஒரே பெயரின்கீழ் அடங்கின.

முன்னோர் கையாண்ட மருந்துகளும் இதற்கேற்ப அமைந்தன. தசமூலத்துள் ஒன்றாகிய நெருஞ்சில், பொங்கலில் காப்புக் கட்டும் சிறுபீளை, வாழைத்தண்டு ஆகியன சிறுநீரைப் பெருக்கும் எனக் கொள்ளப்பட்டவை. நீர் குறைந்து கடுத்தவனுக்கு நீர் பெருகினால் கடுப்புத் தணியும், அப்பயன் பொய்யன்று. கடல் கடந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் இக்கைமருந்து அறிவையும் உடன் கொணர்ந்தனர். இம்மண்ணில் பூனைமீசையும் அதனோடு சேர்ந்தது. டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த சாவகத்திலிருந்து ஐரோப்பா சென்ற அவ்விலை, அங்கு ‘ஜாவா தேநீர்’ எனப் பெயர் பெற்றது.

1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர், குழந்தைகளின் மலத்தில் ஒரு கிருமியைக் கண்டு விளக்கினார். குடலில் வாழும் அக்கிருமியே சிறுநீர்த் தொற்றிற்குப் பெரும்பாலும் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சிறுநீர் வடியும் குழாய் பெண்களுக்குக் குட்டையாதலின், கிருமி எளிதில் பையை எட்டுகிறது. ஆற்றல் மிக்க கிருமிக்கொல்லிகள் 1935-க்குப் பின்னரே பரவலாயின. இதனால் வினாவே மாறிற்று: சிறுநீரைப் பெருக்குவது எது என்பதோடு, கிருமி பையில் ஒட்டாமல் தடுப்பது எது என்பதும் கேட்கப்பட்டது.

குருதிநெல்லியின் கதை இங்குக் கருதத்தக்கது. 1914-இல் பிளாதர்விக் என்பார் அப்பழம் சிறுநீரின் புளிப்பைக் கூட்டுவதாக எழுதினார். புளிப்பே கிருமியைத் தடுக்கும் என நெடுநாள் நம்பினர். 1984-இல் சொபோட்டா என்பார், பழச்சாறு கிருமி ஒட்டுவதைத் தடுக்கிறது என வேறு காரணம் காட்டினார். பழக்கம் நிலைத்து நிற்க, காரணம் மட்டும் மாறியது.

காரணம் கூறுவது எளிது. பயன் மெய்ப்பிப்பது அரிது. 2012-இல் காக்ரேன் குழுவினர் 24 ஆய்வுகளைத் தொகுத்து, குருதிநெல்லியால் குறிப்பிடத்தக்க பயனில்லை என்றனர். அதே குழுவின் 2023-ஆம் ஆண்டுத் தொகுப்பு 50 ஆய்வுகளைக் கண்டது. அடிக்கடி தொற்றுறும் பெண்களிடம் அது தொற்றினை ஏறத்தாழ 26 விழுக்காடு குறைக்கிறது என்றும், சிறுவரிடமும் பயனுண்டு என்றும் முடிவு மாறியது. ஆயினும் முதியோர் இல்லங்களில் வாழ்வோர்க்கும் கருவுற்ற பெண்களுக்கும் பயன் காணப்படவில்லை. ‘டி-மன்னோஸ்’ என்னும் சர்க்கரைத் தூளுக்கு இப்பேறும் வாய்க்கவில்லை; 598 பெண்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வு அதனைப் பயனற்றதெனக் காட்டிற்று.

நம் நெருஞ்சிலும் பூனைமீசையும் தொற்றுத் தடுப்பில் இத்தகைய பெருஞ்சோதனைக்கு உட்படவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை பூனைமீசையை மரபுவழிப் பயன்பாடு என்ற அளவிலேயே ஏற்று, நீரைப் பெருக்கி வழியைக் கழுவும் துணைப்பொருளாகக் கொண்டது. மலேசியாவில் 1992 முதல் மரபு மருந்துகள் பதிவு செய்யப்படுகின்றன. உறையிலுள்ள ‘மால்’ எண் பொருளின் தூய்மைக்கும் பாதுகாப்பிற்கும் சான்றாகும். அது நோய் தடுக்கும் என்பதற்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டினை வாங்குவோர் மறத்தலாகாது.

எல்லாவற்றினும் எளிய பொருளுக்கும் சோதனை நடந்தது. நாள்தோறும் குறைவாக நீர் அருந்தி அடிக்கடி தொற்றுற்ற 140 பெண்களுள் ஒரு பாதியினரை, வழக்கத்தினும் ஒன்றரை லிட்டர் மிகுதியாக நீர் அருந்தச் செய்தனர். ஓராண்டில் அவர்க்குச் சராசரி 1.7 முறையும், ஏனையோர்க்கு 3.2 முறையும் தொற்று வந்தது. 2018-இல் வெளியான இம்முடிவு, முன்னோர் கசாயத்தில் மூலிகையோடு உட்கொண்ட நீரும் மருந்தே என எண்ண வைக்கிறது.

எனவே, குருதிநெல்லி சிலர்க்கு உதவும், நீர் மிகுதியாக அருந்துதல் நன்று, மூலிகை துணையாகலாம். ஆயின் வந்துவிட்ட தொற்றினை இவை தீர்க்கும் என நம்புதல் கேடு தரும். குளிர்காய்ச்சல், விலாப்புற வலி, சிறுநீரில் குருதி ஆகியன தோன்றினும், கருவுற்றவர்க்குக் கடுப்பு வரினும் மருத்துவரைக் காண்பதில் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. கிருமி சிறுநீரகத்தை எட்டினால் உயிர்க்கும் ஊறு நேரும்.

கழிப்பறை தூய்மையின்மையால் நீரருந்தாது, பள்ளி விடும்வரை அடக்கியிருக்கும் மாணவியரை ஆசிரியர் அறிவர். அவர்க்கு வேண்டுவது மாத்திரையன்று. குடிக்க நல்ல நீரும், கதவடைக்கும் தூய அறையும், கேட்டவுடன் அனுப்பும் ஆசிரியருமே அவர்க்கு முதற்காப்பு.