பாதிக் கதை எழுதிய வணிகர்

கி.பி. 1641ஆம் ஆண்டு ஆக்ராவில் 55 வயது வணிகர் ஒருவர் தம் வாழ்க்கைக் கதையைத் தாமே எழுத அமர்ந்தார். எழுதும்படி அவரை எவரும் கேட்கவில்லை. எழுதினால் பரிசில் தருவாரும் இல்லை. அவர் போரில் வென்றவரோ நாடாண்டவரோ அல்லர். வணிகத்திலேயே பலமுறை தோற்றவர். தம் கதையை நண்பர்கள் கேட்டு மகிழ்ந்தால் போதும் என்பதே அவர் விருப்பம். அவர் பெயர் பனாரசிதாஸ். 675 செய்யுள்களில் அவர் எழுதிய நூல் ‘அர்த்தகதானகம்’. இந்தி இலக்கிய மரபின் முதல் தன்வரலாறாக இன்று அறிஞர்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர்.

அர்த்தகதானகம் என்றால் பாதிக் கதை. மனிதனின் முழு ஆயுள் 110 ஆண்டு என்பது அவர் ஏற்றுக்கொண்ட கணக்கு. 55 வயது நிறைந்தது, பாதி முடிந்தது. ஆகவே பாதிக் கதை. தலைப்பிலேயே தொடங்கிவிடும் இந்த நகைச்சுவை நூல் முழுவதும் தொடர்கிறது.

அக்காலத்தில் தன்னைப் பற்றி எழுதுவது பெரும்பாலும் பேரரசர்களுக்கு வாய்த்த உரிமை. பாபர் எழுதினார், ஜஹாங்கீர் எழுதினார். அக்பரின் வரலாற்றை எழுத அபுல் ஃபசல் என்னும் பேரறிஞரே அமர்த்தப்பட்டார். ஜௌன்பூரில் 1586இல் சமண வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்த பனாரசிதாஸுக்கோ சொல்வதற்கு வெற்றிகள் இல்லை. தம் தோல்விகளையே அவர் சுவையான கதைகளாக்கினார்.

ஒரு சந்நியாசி அவருக்கு மந்திரம் ஒன்றைக் கற்றுத் தந்தாராம். கழிப்பிடத்தில் அமர்ந்து ஓராண்டு இரகசியமாக அதனை ஓதினால், பிறகு நாள்தோறும் வாசலில் ஒரு பொற்காசு கிடக்கும் என்பது வாக்கு. இளைஞர் பனாரசிதாஸ் ஓராண்டும் தவறாமல் ஓதி முடித்து வாசலுக்குச் சென்று பார்த்தார். காசு எதுவும் இல்லை. ஒருநாள் பிந்தியிருக்கலாம் என்று மறுநாளும் சென்று பார்த்தார்.

குடும்பம் அவரை நகை, நெய், எண்ணெய், துணி ஆகியவற்றோடு ஆக்ராவுக்கு வணிகம் செய்ய அனுப்பியது. முதல் நீங்கியது, நகைகள் தொலைந்தன, கையிருப்பும் கரைந்தது. அந்த வறுமைக் காலத்து மாலைகளில் அவர் ‘மதுமாலதி’, ‘மிருகாவதி’ ஆகிய காதற் காப்பியங்களை வீட்டிலிருந்தபடி இசையோடு படிப்பார். பத்து இருபது பேர் கூடிக் கேட்பார்கள். அவர்களுள் கச்சோரி விற்பவர் ஒருவரும் இருந்தார். கையில் காசில்லாத பாடகருக்கு அவர் மாதக்கணக்கில் கடனாகக் கச்சோரி தந்தார். பனாரசிதாஸ் பின்னர் அக்கடனைத் தீர்த்ததோடு நில்லாமல், அச்செய்தியைத் தம் நூலிலும் பதிந்து வைத்தார்.

மற்றொரு முறை, பயணத்தில் வழிதவறிக் கள்வர் ஊருக்குள்ளேயே நுழைந்துவிட்டார். சமயோசிதமாக வடமொழிச் சுலோகம் ஒன்றைச் சொல்லி வாழ்த்தவே, ஊர்த்தலைவன் அவரையும் உடன்வந்தோரையும் பிராமணர் எனக் கருதித் தங்க இடமளித்தான். அன்றிரவே அவர்கள் நூலைத் திரித்துப் பூணூல் செய்துகொண்டனர். மண்ணைக் குழைத்துத் திலகமிட்டுக்கொண்டனர். விடிந்ததும் அத்தலைவனே வணங்கி வழிகாட்டி அனுப்பினான்.

இவை வெறும் வேடிக்கைக் கதைகள்தாமா? 1605ஆம் ஆண்டின் நிகழ்ச்சியைப் பாருங்கள். அக்பர் இறந்த செய்தி ஜௌன்பூரை எட்டியபோது பனாரசிதாஸ் வீட்டுப் படிக்கட்டில் அமர்ந்திருந்தார். கேட்ட அதிர்ச்சியில் மயங்கி விழுந்து நெற்றியில் காயம்பட்டார். ஊரில் கடைகள் அடைக்கப்பட்டன. மக்கள் பொருளை மண்ணில் புதைத்தார்கள். செல்வர்கள் நல்லாடைகளைக் களைந்து முரட்டுத் துணி உடுத்தார்கள்; பெண்களும் அணிகலன்களை ஒளித்து எளிய உடைக்கு மாறினார்கள். பத்து நாள் கழித்து, சலீம் ஜஹாங்கீர் என்னும் பெயரோடு அரியணை ஏறிவிட்டார் என்ற மடல் ஆக்ராவிலிருந்து வந்த பின்னரே ஊர் மூச்சு விட்டது. ஒரு பேரரசரின் மரணம் தொலைவிலிருந்த நகரத்து வீதியில் எத்தகைய அச்சமாக இறங்கியது என்பதை அரசவை வரலாறுகளில் இப்படிக் காண முடியாது. படிக்கட்டில் அமர்ந்திருந்தவர் எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது.

மொழியியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது அவர் தேர்ந்த மொழி. வடமொழியும் பிராகிருதமும் கற்றவர் அவர். எனினும் மத்தியதேசத்தின் பேச்சில் சொல்லப்போவதாகத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். பிரஜ் மொழியை அடிப்படையாகக் கொண்ட அந்நடையில் கடீபோலியின் கூறுகள் கலந்துள்ளன. சந்தையிலும் அலுவலிலும் புழங்கிய பாரசீகச் சொற்களும் இயல்பாக வந்து அமர்கின்றன. அவர் இளமையில் எழுதிய சிருங்காரச் செய்யுள் நூல் ஒன்று உண்டு. ஒருநாள் நண்பர்களுக்கு அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, பொய்யை எழுதினோமே என்ற உறுத்தல் தோன்ற, சுவடியைக் கோமதி ஆற்றில் எறிந்துவிட்டார். அலங்காரத்தை ஆற்றில் விட்டவர், முதுமையின் வாயிலில் அன்றாடப் பேச்சை எடுத்துக்கொண்டார். 17ஆம் நூற்றாண்டு வட இந்திய நகரங்களின் பேச்சை ஆராய்வோர்க்கு அந்தத் தேர்வு ஒரு கொடை.

நம்மிடமும் இதற்கோர் இணை உண்டு. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். துய்ப்ளேயின் துபாஷியாக அரசியலின் நடுவே நின்றவர் அவர். பனாரசிதாஸோ சந்தையின் ஓரத்தில் நின்றவர். ஆனால் தாம் கண்டதையும் கேட்டதையும் தம்மைச் சூழ்ந்த பேச்சுமொழிக்கு நெருக்கமான நடையில் எழுதியதில் இருவரும் ஒருவர்க்கொருவர் உறவினர்.

சிரிப்புக்கு அடியில் துயரமும் உண்டு. பனாரசிதாஸ் மும்முறை மணம் புரிந்தார். ஒன்பது குழந்தைகள் பிறந்தன, ஒன்றும் நிலைக்கவில்லை. இதனை அவர் ஒரு கணக்கைப் போல மிகச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். பொற்காசுக்காகக் காத்திருந்ததை விரித்துரைத்தவர் இங்கே சொல்லடக்கம் காட்டுகிறார். அவர் ஏன் எழுதினார் என்ற வினாவுக்கு இவ்விடத்தில் ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தம் கதையை நினைவில் வைத்துச் சொல்ல மக்கள் எவரும் எஞ்சாதவர், அதைத் தாமே நண்பர்களிடம் ஒப்படைத்தார்.

நூலின் இறுதியில் தம் நிறைகளையும் குறைகளையும் பட்டியலிடுகிறார். கவிபாடும் திறமும் இனிய சொல்லும் பொறுமையும் நிறைகள். பொருளாசை, பொய்யைச் சுவைபடச் சொல்லும் பழக்கம், காரணமற்ற அச்சம் முதலியன குறைகள். தனியாக இருக்கும்போது ஆடத் தொடங்கிவிடுவார் என்பதையும் மறைக்கவில்லை. உயர்ந்தோர், தாழ்ந்தோர், இடைப்பட்டோர் என மனிதரை மூவகையாக்கித் தம்மை இடைப்பட்டோரிடையே சேர்த்துக்கொள்கிறார். தன்னைப் பற்றி எழுதுவோர் அவ்வளவாக விரும்பி அமராத இடம் அது.

மறுபாதி ஆயுள் அவருக்கு வாய்க்கவில்லை. சில ஆண்டுகளிலேயே மறைந்தார். நூல் ஏட்டுப் பிரதிகளில் மட்டும் உறங்கி, 1943இல்தான் அச்சேறியது. முகுந்த் லாத் 1981இல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் எவரேனும் ஒருவர், ‘இது யாரோ ஒரு வணிகர் பொழுதுபோக்காக எழுதியது’ என்று பழைய தாள்களோடு கழித்திருந்தால் ஜௌன்பூரின் அந்தப் பத்து நாள்களும் கச்சோரிக் கடனும் நமக்கு இல்லை.

ஆகவே இப்பதிவை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கணக்கு நோட்டோ பாட்டியின் குறிப்பேடோ இருக்கலாம். பழைய தாள் கடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அரிசி விலைக்கும் சீட்டுப் பணத்துக்கும் இடையே, எவரும் கேட்காமலே எழுதப்பட்ட நான்கு வரிகள் அதில் இருக்கக்கூடும்.