குடத்துத் தண்ணீரும் தீயணைப்பும்

1979ஆம் ஆண்டு கோடை. தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் ஒரு பிற்பகல் கெரசின் ஸ்டவ் வெடித்துக் குடிசை ஒன்று பற்றிக்கொண்டது. எனக்கு அப்போது 9 வயது. ஆண்கள் எல்லாம் தோல் ஷாப்புக்கும் மில்லுக்கும் போயிருந்த நேரம். எதிர்வீட்டு ஆச்சி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "ஏட்டி, டிரம்முத் தண்ணிய மொண்டுட்டு வாங்கட்டி! நாளைக்குக் குடிக்கத நாளைக்குப் பாத்துக்கிடலாம்!"

காலையில் ஒரு மணி நேரம் மட்டுமே குழாயில் தண்ணீர் வரும் காலம் அது. சேர்த்து வைத்ததை எல்லாம் பெண்கள் வரிசையாக நின்று குடம் குடமாகக் கைமாற்றினார்கள். இரண்டு பேர் அடுத்த குடிசையின் கூரைத் தார்ப்பாயை இழுத்துப் போட்டார்கள், தீ தாவாமல் இருக்க. என் அம்மா நனைத்த கோணிச்சாக்கால் அடித்தாள். வலது முழங்கைக்குக் கீழே வெந்துபோயிற்று. சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது. வீரர்கள் மெயின் ரோட்டிலிருந்து குழாயை இழுத்து வருவதற்குள் தீ இரண்டு குடிசைகளோடு நின்றிருந்தது.

அடுத்த வாரம் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மாலை விழுந்தது, பிறகு ஓடி வந்த இளைஞர்களுக்கு. என் அம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கூட்டத்துக்கு டீ போட்டாள்.

தீயணைப்பின் வரலாற்றைத் தேடிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீதான் நினைவுக்கு வரும். நம் மும்பைக்கு அதில் பெரிய இடம் உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்ற வெடிமருந்துக் கப்பல் வெடித்தது. தீயணைப்புப் படையினர் 66 பேர் உயிர் துறந்தனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்தத் தியாகத்துக்கு எந்த நினைவும் தகும். ஆனால் நாம் நினைவு வைப்பது சீருடைகளை. அந்தச் சீருடை பெண்களுக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை.

உலகில் முன்னோடிகள் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே கிர்ட்டன் கல்லூரி மாணவிகள் 1878இலேயே தங்களுக்கென ஒரு தீயணைப்புப் படை அமைத்துப் பயிற்சி எடுத்தார்கள். அது 1932 வரை நடந்தது. நம் நாட்டிலோ, 1956இல் தொடங்கிய தேசியத் தீயணைப்புக் கல்லூரியில் முதல் மாணவி சேர்ந்தது 2002இல்தான். நாக்பூரைச் சேர்ந்த ஹர்ஷினி கன்ஹேகர் அவர். மறு ஆண்டே, 2003இல், தமிழ்நாட்டில் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தீயணைப்பு அதிகாரிகளாகப் பணியேற்றனர். 2012 ஜனவரியில், பொங்கலையொட்டிய இரவில், சென்னை எழிலக வளாகத்தின் பழைய மாளிகை எரிந்தபோது உள்ளே நுழைந்த பிரியா பலத்த தீக்காயம் அடைந்தார். உடன் சென்ற வீரர் ஒருவர் உயிரிழந்தார். பிரியாவின் துணிவுக்கு அண்ணா பதக்கம் வழங்கப்பட்டது.

மும்பையிலும் கதவு திறந்தது. 2023 பிப்ரவரியில் தகிசரில் நடந்த தீயணைப்புப் படை ஆளெடுப்புக்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். உயரத்தைச் சரியாக அளக்கவில்லை என்று சிலர் அங்கேயே போராட்டத்திலும் இறங்கினார்கள். வேலையே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் யாரும் இப்படிச் சண்டை போட மாட்டார்கள்.

சரி, சீருடையே இல்லாமல் தீயோடு நிற்கும் பெண்கள்? அவர்களைப் பார்க்க உத்தராகண்ட் மலைக்குப் போகவேண்டும். அல்மோரா மாவட்டத்து ஷீத்லாகேத் சுற்றுக் கிராமங்களில், காட்டுத்தீயை அணைக்க முன்னால் நிற்பவர்கள் மகளிர் மங்கள் தள் என்ற ஊர்ப் பெண்கள் குழுவினர். சம்பளம் கிடையாது. பச்சைக் கிளைகளை ஒடித்துத் தீயை அடிக்கிறார்கள். கோடையில் எண்ணெய் மாதிரி பற்றிக்கொள்ளும் சீர் பைன் மரத்துச் சருகுகளைக் கூட்டி, தீ தாண்டாதபடி வெறும் தரைக் கோடு இடுகிறார்கள். வயலோரத்துப் புதரை எரிக்கும் வழக்கத்தை மார்ச் மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஊர் கூடித் தீர்மானித்து, ஏப்ரல் 1ஐ 'ஓண் திவஸ்' என்றே கொண்டாடுகிறார்கள். தீ வந்தபின் அணைப்பதைவிட வராமல் தடுப்பது எளிது என்பது அவர்கள் கண்ட பாடம்.

அந்தத் தரைக் கோட்டைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சட்டென்று எங்கள் சந்தின் தார்ப்பாய்தான் கண்ணில் வந்தது. இரண்டும் ஒரே வித்தைதானே! காரணமும் ஒன்றே. மலை ஊர் ஆண்கள் பிழைப்புக்காக நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். நம் ஆண்கள் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். தீப்பிடிக்கும் நேரத்தில் ஊரில் இருப்பவள் பெண். விறகும் தீவனமும் ஊற்றுத் தண்ணீரும் போனால் முதலில் அல்லல்படுபவளும் அவளே. தன்னார்வம் என்று நாம் இன்று பெயர் வைக்கிறோம். அவர்களுக்கு அது அன்றைய வீட்டு வேலையோடு வேலை.

அன்று இரவு எங்கள் சந்தில் யார் வீட்டிலும் குடிக்கத் தண்ணீர் இல்லை. பக்கத்துச் சந்திலிருந்து வாங்கி வந்தோம். பல வருஷம் கழித்து அம்மாவிடம், "உன்னை ஏன் மேடைக்குக் கூப்பிடல?" என்று கேட்டேன். "அதுல என்னலே இருக்கு, தீய அணைச்சோம், போச்சு" என்றாள். தழும்பு மட்டும் கடைசிவரை இருந்தது.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இப்படி எத்தனை தழும்புகள் இருக்கும்! அன்பர்களே, உங்கள் வீட்டு ஆச்சிமாரைக் கேளுங்கள். ஆண்டும் சந்தின் பெயரும் குடம் தூக்கியவர்கள் பெயரும் கேட்டு எழுதி வையுங்கள். அந்த எதிர்வீட்டு ஆச்சியின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன்.