விருப்பப் பாடமாகிய தமிழ்

மலேசியத் தமிழர்தம் கல்வி வரலாற்றில் தமிழ்ப்பள்ளியின் தோற்றமும் வளர்ச்சியும் பலராலும் பேசப்பட்டுள்ளன. தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறிய மாணவனுக்கும் தமிழுக்கும் உள்ள உறவோ அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. ஆறாம் ஆண்டு வரை பயிற்றுமொழியாக விளங்கும் தமிழ், இடைநிலைப்பள்ளியின் வாயிலைக் கடந்ததும் விருப்பப் பாடமாகிவிடுகின்றது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுப்பதா, விடுப்பதா என்னும் வினா செலாயாங், பத்துமலை முதலிய வட்டாரங்களின் தமிழ் இல்லங்களில் எழுந்தவண்ணம் உள்ளது. அவ்வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு.

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதன் வழிவந்த 1957ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. இடைநிலைக் கல்வியிலோ தமிழுக்குக் கிடைத்த இடம் பயிற்றுமொழி என்பதன்று. மாணவர்தம் தாய்மொழிப் பாடம் என்பதே. பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் வகுப்பு நடைபெறலாம் என்பது விதி. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இவ்வெண்ணையே வைத்தது. எனவே, ஒருவனது விருப்பம் மட்டும் போதாது. இன்னும் பதினால்வரது விருப்பமும் துணைநிற்றல் வேண்டும். ஒருவன் விலகினால் வகுப்பே தளரக்கூடும்.

இந்நிலையில் 2009ஆம் ஆண்டு ஒரு சோதனை வந்தது. அந்நாளில் சில மாணவர் இருபது பாடங்கள் வரை எழுதினர். இதனைக் கட்டுப்படுத்தக் கருதிய அரசு, 2010 முதல் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பத்துப் பாடங்களே உச்ச வரம்பு என அறிவித்தது. அறிவியல் பிரிவுத் தமிழ் மாணவனின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறி ஆகியவை ஐந்து. பௌதிகம், இரசாயனம், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகியவை நான்கு. எஞ்சிய ஓரிடத்தில் தமிழ்மொழி அமர்ந்தால் தமிழ் இலக்கியத்திற்கு இடமில்லை. சமுதாயம் குரல் எழுப்பிற்று. அவ்வாண்டின் இறுதியில், பத்தோடு மேலும் இரண்டு பாடங்கள் எழுதலாம் என அமைச்சரவை இசைந்தது. ஆயினும், உபகாரச் சம்பளத்திற்குப் பத்துப் பாடங்களே கணக்கில் கொள்ளப்படும் எனவும் கூறப்பட்டது.

எழுதலாம், ஆனால் எண்ணப்படாது என்னும் இந்நிலையே ஆழ்ந்து நோக்கத்தக்கது. அமெரிக்காவின் போடின் கல்லூரி, விண்ணப்பத்துடன் நுழைவுத் தேர்வுப் புள்ளிகளை அனுப்புவது மாணவர் விருப்பம் என 1969இல் அறிவித்தது. அங்கு மாணவன், பெற்ற புள்ளியைக் காட்டுவதா, மறைப்பதா எனச் சிந்திக்கின்றான். இங்கோ, குறைந்த புள்ளி வந்துவிடுமோ என்னும் அச்சத்தால் தேர்வையே எழுதாது விடுகின்றான். மறைத்த புள்ளிக்குப் பின்னால் கற்ற கல்வியேனும் எஞ்சும். விட்ட பாடத்திற்குப் பின்னால் எஞ்சுவது யாது?

இழப்பு அம்மாணவனோடு நிற்பதன்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியராகத் தமிழ்மொழிப் பிரிவில் பயிற்சி பெற விழைவோர்க்கு எஸ்.பி.எம். தமிழ்த் தேர்ச்சி வேண்டும். ஐந்தாம் படிவத்தில் தமிழை விட்டவன் அவ்வாயிலையும் அடைத்துக்கொள்கின்றான். நாளைய தமிழாசிரியர், இன்று அப்பாடத்தைத் துணிந்து எடுப்போரிடமிருந்தே தோன்றுதல் கூடும்.

ஆகவே, ஆசிரியர்தம் கடமை இரு திறத்தது. தமிழ்ப் புள்ளி எல்லாக் கதவுகளையும் திறக்கும் எனப் பொய்யுரைத்தல் தகாது. எதற்கும் உதவாது எனக் கைவிடுதலும் தகாது. எந்த விண்ணப்பத்தில் அப்புள்ளி எண்ணப்படும், எதில் எண்ணப்படாது என்பதைப் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் உள்ளவாறு உணர்த்துதல் வேண்டும். உண்மை அறிந்து செய்யும் தெரிவே விருப்பம் எனப்படும்; அறியாமையாலும் அச்சத்தாலும் விடுவது விருப்பமாகாது.