சனிக்கிழமைக்கு முந்திய வாரம்

நமது நாட்டில் "பிக் மெச்" என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கொழும்புதான். றோயலும் புனித தோமையர் கல்லூரியும் ஆடும் கிரிக்கெட் போட்டி 1879இல் தொடங்கியது. அந்த முதற் போட்டியில் ஆசிரியர்களும் சேர்ந்து ஆடினார்கள். மாணவர் மட்டும் ஆடியது 1880 முதல். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் 1904 முதல் "வடக்கின் பெருஞ்சமர்". கண்டி திரித்துவக் கல்லூரியும் றோயலும் மோதும் றக்பிப் போட்டிக்கு பிரட்பி கேடயம். றோயலின் அதிபராயிருந்த ஈ. எல். பிரட்பி 1945இல் கொடுத்தது. கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று என இரண்டு ஆட்டம். இரண்டின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்து வெற்றி சொல்வார்கள். இவற்றுக்கெல்லாம் மலர்கள் உண்டு, புகைப்படங்கள் உண்டு, யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்ற கணக்கு உண்டு.

மலையகத்தில் நாங்கள் ஆடிய உதைபந்தாட்டத்துக்கு அப்படி ஒரு மலரும் இல்லை. பத்திரிகையில் நாலு வரி வந்திருந்தால் அதிசயம். அதனால் 1974ஆம் ஆண்டு ஜூலையில் ஹட்டனில் நடந்த ஒரு பாடசாலைப் போட்டியைப் பற்றி எழுதலாமென உட்கார்ந்தேன். எழுதிப் பார்க்கும்போது போட்டியை விட அதற்கு முந்திய வாரம்தான் கூடுதலாக நினைவிலிருக்கிறது. பாடசாலைகளின் பெயர் வேண்டாம். ஒன்று ஹட்டன், எங்களுடையது. மற்றது நுவரெலியா டவுனிலிருந்து வருவது. ஊர்க்காரருக்கு இவ்வளவு போதும்.

மலைநாட்டுக்குப் பந்து கோச்சியோடு ஏறி வந்தது என்று எங்கள் மாஸ்டர் சொல்வார். ரயில் பாதை 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. ஆனால் தோட்டத் துரைமார் விளையாட்டை அதற்கு முன்பே கொண்டுவந்து விட்டார்கள். டிக்கோயா, மஸ்கெலியாத் துரைமாருக்கு டரவளையில் ஒரு கிளப். டிம்புள்ளைத் துரைமாருக்கு ரதெல்லையில் ஒன்று. தேயிலை நட முடியாத சதுப்பிலும் சரிவிலும் லயங்களைக் கட்டியவர்கள், நல்ல சமதரையைப் பார்த்து மைதானம் வெட்டினார்கள். வெட்டியது யாருடைய கை என்று சொல்லத் தேவையில்லை. புல் வெட்டவும், எல்லைக்கு வெளியே போன பந்தை எடுத்துக் கொடுக்கவும் தோட்டத்துப் பொடியன்மார் போனார்கள். அப்படி எடுத்துக் கொடுத்தவர்களில் சிலர் பிரட்டுக்களத்தில் துணிப்பந்து உதைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனால் பந்து வேறு வழியால் லயத்துக்கு வந்திருக்குமென எனக்குத் தோன்றவில்லை.

முஸ்லிம் வீடுகளில் பந்துக்கு வேறொரு கதை இருந்தது. வாப்பா காயல்பட்டினத்திலிருந்து வந்து ஹட்டனில் சில்லறைக்கடை போட்டவர். விளையாட்டு என்றாலே முகம் சுளிப்பார், ஆனால் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் பற்றிப் பேச்செடுத்தால் தராசைக் கீழே வைத்து விடுவார். 1934 தொடக்கம் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கல்கத்தா லீக்கை வென்ற அணி. 1940இல் டில்லியில் டுராண்ட் கிண்ணத்தையும் வெள்ளைப் பட்டாளத்திடமிருந்து பறித்த அணி. வாப்பா ஓர் ஆட்டத்தையேனும் கண்டவரல்ல. அப்போது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. காயலில் பெரியவர்கள் பத்திரிகை வாசிக்கக் கேட்டது மட்டும்தான். மாஸ்டரோ மோகன் பகானின் ஆள். 1911இல் அவர்கள் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்ற இறுதிப் போட்டியில், பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலில் ஆடினார்கள் என்பதை வருடத்துக்கு நாலு தரமாவது சொல்வார். காரணம் இருந்தது. எங்கள் அணியில் சப்பாத்து இருந்தது ஐந்து பேருக்குத்தான்.

அந்த ஜூலையின் முதல் ஞாயிறுதான் மியூனிச்சில் உலகக் கிண்ண இறுதியாட்டம். மேற்கு ஜெர்மனி 2, ஒல்லாந்து 1. இலங்கையில் தொலைக்காட்சி வந்தது 1979இல். நாங்கள் குரைப்பையும் பெக்கன்பவரையும் பத்திரிகைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். அந்தப் படங்களை வெட்டி, கடையின் கணக்குக் கொப்பிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அது பஞ்ச காலம். பாணுக்கு விடியுமுன் வரிசை. மாவுக்கும் சீனிக்கும் கூப்பன். தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம் அது என்பதை வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். பயிற்சி முடிந்தால் பணிஸ் தரும் மாஸ்டர், அவ்வருடம் அவித்த மரவள்ளிக்கிழங்குதான் தந்தார். அதையும் எங்கிருந்து வாங்கினாரோ!

இனி அவனைப் பற்றி. பெயரைச் சொல்லவில்லை, உயிரோடிருந்தால் பேரப்பிள்ளைகளோடு இருப்பான். எங்கள் கோல்காப்பாளன். டவுனுக்கு நாலு மைல் தள்ளிய தோட்டம். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். அதற்கு முன் அவை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். அதைத் தாண்டி டவுன் பாடசாலைக்கு வந்த தோட்டத்துப் பிள்ளை ஆயிரத்தில் ஒருவன். அவன் தினமும் நாலு மைல் இறங்கி வந்து, பயிற்சி முடிந்து இருட்டில் நாலு மைல் ஏறிப் போவான். நான் அவனுக்கு அடுத்த கோல்காப்பாளன். அதாவது, இரண்டு வருடமாக வாங்கில் உட்கார்ந்திருந்தவன்.

திங்கட்கிழமை மாஸ்டர் பதினொரு பெயரையும் கரும்பலகையில் எழுதினார். முதற்பெயர் அவனுடையது. நுவரெலியாப் பொடியன்மார் 1,868 மீற்றர் உயரத்தில் ஓடிப் பழகியவர்கள், நாங்கள் ஏறத்தாழ 600 மீற்றர் கீழே. நம் மைதானத்தில் அவர்களுக்கு மூச்சே வாங்காது என்று யாரோ கிளப்பிவிட, அது வகுப்பு வகுப்பாகப் பரவியது. செவ்வாயன்று சலூன், தேத்தண்ணிக்கடை, பஸ் நிலையம் எங்கும் இதே பேச்சு. அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தவர்கள்கூடப் படியில் நின்று, சனிக்கிழமை மழை விடுமா என்று வானத்தைப் பார்த்தார்கள். ஹட்டனில் ஜூலை மழை விட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை.

புதன்கிழமை அவன் வரவில்லை. மாலையில் வந்தான், புத்தகமில்லாமல். "தேதி வந்துருச்சு" என்றான்.

இந்தச் சொல்லின் பாரம் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அதற்கு முந்திய வருடம்தான் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேரைத் தோட்டத் தமிழர் தம் வாக்குகளால் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தையும் 1974 ஜனவரியில் சரிபாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. விண்ணப்பம் போட்டு, கடவுச்சீட்டு வந்து, சேமலாப நிதிக் காசு கைக்கு வந்து, கடைசியில் கப்பலுக்குத் தேதி வரும். தேதி வந்தால் போக வேண்டியதுதான்.

இது எங்கள் வீட்டுக்கும் அந்நியமான விடயமல்ல. கரையோர முஸ்லிம்கள் என்று நம்மவரே சற்றுத் தள்ளி வைத்துப் பேசும் வாப்பா போன்றோரும் 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள்தான். வாப்பாவுக்குக் கிடைத்தது. சாச்சாவுக்குக் கிடைக்கவில்லை, அவர் கடையை விட்டுக் காயலுக்கே போனார். நமது சமூகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை அதிகம் புரட்டுவதில்லை என்பது என் ஆதங்கம்.

வியாழக்கிழமை மாஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினார். லயத்து இஸ்தோப்பில் இரண்டு தகரப் பெட்டி, கட்டிய பாய், ஓர் அம்மிக்குழவி. அவன் அப்பா சாக்கை விரித்து மாஸ்டரை உட்கார வைத்தார்.

"ரெண்டு நாள் பிந்திப் போகேலாதா?" என்று கேட்டார் மாஸ்டர். அவருக்கே அது கூச்சமாயிருந்தது.

"நாளைக்குக் கோச்சிங்க சேர். இதை விட்டா அடுத்த தேதி எப்பன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பேரு வெட்டியாச்சு. திங்கக்கெழமைலருந்து இந்தக் காம்புராவே நமக்கில்ல."

பேரு வெட்டுவதென்றால் செக்ரோலிலிருந்து பெயரை நீக்குவது. அதன் பிறகு வேலை இல்லை, அரிசி இல்லை, காம்புரா இல்லை. மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது தேயிலைக்கு நடுவே நின்று என்னைப் பார்த்து, "சனிக்கிழமை நீதான்" என்றார்.

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்தக் கணம் எனக்கு வந்தது சந்தோஷம். இரண்டு வருடமாக வாங்கில் கிடந்தவனுக்கு வந்த சந்தோஷம். அவன் குடும்பம் தூக்கியெறியப்படுகிறது என்பது தெரியாத வயதல்ல, பதினேழு வயது. இரவு உம்மா சோறு போட்டபோது இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று தலைமுறையாகத் தேயிலை நட்ட சனங்களை ஒரு கையெழுத்தால் அள்ளி அனுப்பிய அரசாங்கங்களைப் பற்றி நான் மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்தச் சோற்றைப் பற்றி எங்கும் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேரே ஸ்டேஷனுக்கு ஓடினேன். அந்தக் காலத்தில் ஹட்டன் ஸ்டேஷனில் அழுகைச் சத்தம் கேளாத வாரமில்லை. போகிறவர்கள் பொல்கஹவெலைக்கு இறங்கி, வடக்குப் பாதையில் மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். கட்டிப்பிடித்துக் கதறும் கிழவிகளுக்கு நடுவில் அவனைக் கண்டுபிடிக்க நேரமெடுத்தது. அவன் அழவில்லை. யன்னலால் கையை நீட்டி என் தோளைப் பிடித்தான்.

"டேய், டவுன் பக்கத்துக் கோல் இருக்கில்ல, அதுல எடது கம்பத்தடியில தண்ணி நிக்கும். வழுக்கும். ஒங்க கடையிலருந்து ரெண்டு சாக்கு கொண்டாந்து போட்டு மிதிச்சுக்க. அவனுங்க மூலையடிய அந்தப் பக்கந்தான் தூக்குவானுங்க."

என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "சரி" என்றேன். கோச்சி போய்விட்டது.

சனிக்கிழமை மழை விடவில்லை. நுவரெலியாக்காரர் லொறியில் படங்கைப் போர்த்திக்கொண்டு வந்து இறங்கினார்கள். குடைகள், சாக்கைத் தலையில் கவிழ்த்த தோட்டத்துச் சனங்கள், கடையைப் பூட்டிவிட்டு வந்த முதலாளிமார். வாப்பாவும் வந்திருந்தார், ஆனால் கண்டும் காணாதவர்போல் தூரத்தில் நின்றார். நான் இரண்டு சீனிச் சாக்கைக் கம்பத்தடியில் போட்டு மிதித்தேன். முடிவைச் சொல்லாவிட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள்: ஒன்றுக்கு ஒன்று. எனக்கு விழுந்தது வலப்பக்கத்தால்.

அடுத்த வருடம் கடை விலாசத்துக்கு இந்தியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடலூரிலிருந்து. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968இலிருந்து நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டு வந்தது. அங்கே கொழுந்து நிறுக்கும் வேலை கிடைத்திருப்பதாக ஒரு வரி. அப்பா மண்டபத்திலேயே மௌத்தாகிவிட்டதாக ஒரு வரி. "மௌத்து" என்றே எழுதியிருந்தான், எங்கள் வீட்டுப் பேச்சு அவனுக்குப் பழக்கம். மூன்றாவது வரி: சனிக்கிழமை எத்தனைக்கு எத்தனை?

அன்றைக்கே பதில் எழுதினேன். ஒன்றுக்கு ஒன்று. இடப்பக்கத்தால் ஒன்றும் போகவில்லை.