‘மூர்’ என்ற சொல்லும் கண்டிச் சோனகரும்

உறவுக்காரப் பிள்ளையொன்று அண்மையில் விண்ணப்பப் படிவமொன்றை நிரப்ப என்னிடம் வந்தது. பிறப்புச் சான்றிதழில் ‘இலங்கைச் சோனகர்’ என்றிருந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘மூர்’ என்றிருந்தது. அகராதியைப் புரட்டிப் பார்த்த பிள்ளைக்குச் சிரிப்பு. “மாமா, மூர் எண்டா புல்லு முளைச்ச மேட்டு நிலமாம். அப்ப நாங்க ஆரு?”

புல்வெளியைக் குறிக்கும் ‘மூர்’ வேறு வேரிலிருந்து வந்த சொல். நம்மீது சூட்டப்பட்ட ‘மூர்’ உரோமரின் இலத்தீனிலிருந்து வந்தது. இன்றைய மொறோக்கோவின் வடபகுதியும் அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியும் சேர்ந்த நாட்டை அவர்கள் ‘மவுரெத்தானியா’ என்றார்கள்; அந்நாட்டார் ‘மவுருஸ்’. அப்போது இஸ்லாம் தோன்றவில்லை. ஆகவே முதலில் அது ஓர் ஊர்ப்பெயர்தான், மார்க்கப் பெயரல்ல.

பிறகு ஐரோப்பியர் ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தை அதற்குள் போட்டு நிரப்பினார்கள். 711இல் முஸ்லிம்கள் ஸ்பெயினுக்குள் புகுந்தது முதல் 1492இல் கிரனாடா வீழ்ந்தது வரை அங்கே நடந்த நெடும் போராட்டத்தில், போர்த்துக்கேயரின் ‘மோரு’வும் ஸ்பானியரின் ‘மோரோ’வும் ‘முஸ்லிம்’ என்றே பொருள்பட்டன. ஜெர்மானியரின் ‘மோர்’ கறுப்பு நிறத்தவரைக் குறித்தது. பெர்லின் நகரில் அச்சொல்லைத் தாங்கிய ஒரு தெருவின் பெயரை மாற்றும்படி பல்லாண்டுகள் வாதம் நடந்தது. இத்தாலியருக்கு அது கருநிறத்தையும் குறிக்கும் சொல். ஆங்கிலேயரோ 18ஆம் நூற்றாண்டில் இந்துஸ்தானி மொழியைக்கூட ‘மூர்ஸ்’ என்று அழைத்திருக்கிறார்கள்.

இந்தச் சொல்லைக் கடல் கடந்து நம் பக்கம் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். தாம் எதிர்த்தவர்களின் பெயரை, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்புத் துறையில் கண்ட வியாபாரிகள்மீதும் ஒட்டினார்கள். மலபாரில் ‘நாட்டு மூர்’, ‘மக்கத்து மூர்’ என்று பிரித்துப் பேசியவர்களும் அவர்களே. ஸ்பானியர் பிலிப்பைன்ஸில் செய்ததும் இதுவே. ஆனால் அங்குள்ள முஸ்லிம்கள் ‘மோரோ’ என்ற வசையையே தம் தேசியப் பெயராக்கிக்கொண்டார்கள்.

பெயரோடு பகையும் வந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களுக்கு இடங்கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்பது போர்த்துக்கேயர் தரப்பின் பதிவு. கண்டி இராச்சியத்தில் நம்மவர்கள் பொதிமாடு ஓட்டும் ‘மடிகே’ பிரிவில் இராசகாரியம் செய்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள். ‘கோபால முதியான்சேலாகே’ போன்ற சிங்கள ‘கே’ பெயர்கள் அந்தக் காலத்தின் அடையாளம். 1660 முதல் 1679 வரை இங்கே சிறையிருந்த றொபர்ட் நொக்ஸ், அரசர் ஒருவரிடம் சலுகை பெற்ற பள்ளி கண்டி நகரில் இருந்ததை எழுதியிருக்கிறார். எழுதும்போது அவரும் ‘மூர்’ என்றே எழுதினார். ஊருக்குள் வழங்கிய பெயர்கள் வேறு: சிங்களத்தில் ‘மரக்கல’, ‘யோனக’, தமிழில் ‘சோனகர்’.

இந்தச் ‘சோனகர்’ என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கிரேக்கரின் ‘அயோனியா’ பாரசீகத்தில் ‘யவுனா’ ஆகி, இந்தியாவில் ‘யவன’, ‘யோனக’ ஆகி, தமிழில் ‘சோனக’ ஆயிற்று. ஐரோப்பியன் தந்த பெயர் ஆபிரிக்காவிலிருந்து வந்தது; நம் வாயில் வழங்கும் பெயர் கிரேக்கரிடமிருந்து வந்தது! ஆகவே பெயரை வைத்து மாத்திரம் வம்சம் தேடினால் வழி தவறத்தான் செய்யும். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் நம்மை இனத்தால் தமிழர் என்று வாதிட்டதும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதியதும் நாம் அறிந்தவை.

பெயரால் வந்த வினை ஏட்டோடு நிற்கவில்லை. ஆங்கிலேயர் ‘இலங்கை மூர்’, ‘கரையோர மூர்’ என்று பிரித்தார்கள். பின்னையது இந்தியக் கரையிலிருந்து வந்த வியாபாரிகளைக் குறித்தது. கம்பளைப் பெரஹெரா வழக்கு அவர்களது பள்ளியை ஒட்டி எழுந்தது. 1915 மே 28ஆம் திகதி இரவு கண்டி காசல்ஹில் வீதிப் பள்ளியடியில் கலவரம் மூண்டது. கோபம் முதலில் கரையோர மூர் மீதுதான். ஆனால் கல்லெறிந்தவன் பிரிவு பார்த்து எறியவில்லை. தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்தவர்களின் கடைகளும் உடைந்தன.

கண்டி மண் வேறொரு பதிலையும் தந்தது. இங்கு பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘முஸ்லிம் நேசன்’ என்று பெயரிட்டார். ‘சோனக நேசன்’ என்றல்ல. கலகெதரையில் பிறந்த டி.பி. ஜாயா ஒரு மலாயர். ‘மூர்’ என்ற பெயருக்குள் அவருக்கு இடமில்லை. ‘முஸ்லிம்’ என்ற பெயருக்குள் உண்டு. சேர் ராஸிக் பரீத் சோனகர் சங்கத்தையும், ஜாயா முஸ்லிம் லீக்கையும் முன்னிறுத்தியதன் பின்னால் இந்தக் கேள்வியும் இருந்தது: நம் பெயர் யாரை உள்ளே விடும், யாரை வெளியே நிறுத்தும்?

பிள்ளையிடம் நான் சொன்னது இதுதான். “படிவத்தில என்ன இருக்கோ அத எழுது மகன். அது வெக்கப்படவும் வேணாம், பெருமையடிக்கவும் வேணாம். ஆனா ‘நாங்க ஆரு’ எண்டு கேட்டியே, அதுக்கு விடை அகராதியில இல்ல. பொதிமாடு ஓட்டின பாதையிலயும், பழைய பள்ளிக் காணி உறுதியிலயும், வைத்தியர் வீட்டு ஓலையிலயும் கிடக்கு. அதத் தேடு.”

அந்த ஓலைகள் இன்னும் சில வீடுகளில் பரணில் கிடக்கின்றன. கறையான் வாசிப்பதற்கு முன் நாம் வாசித்துவிட வேண்டும்.