குறைந்த காசில் ஒரு கேமிங் கொம்பியூட்டர்: ஒரு சின்ன வரலாறு

போன செமஸ்டர் லீவில் என்னிடம் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய் இருந்தது. பாதி மகாபொலக் காசு. மிச்சம் ஏஎல் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்துச் சேர்த்தது. அந்தக் காசுக்குள் ஒரு கேமிங் கொம்பியூட்டர் பூட்டவேணும் எண்டதுதான் திட்டம். கேட்ட ஆக்கள் எல்லாம் ஆளுக்கொரு பட்டியல் தந்தார்கள். ஒருத்தன் ‘கார்டுக்குத்தான் காசைப் போடு’ என்றான், இன்னொருத்தன் ‘புரொசசர் இல்லாட்டி கார்ட் என்னத்துக்கு’ என்றான். கடையில் நின்ற அண்ணாவோ பட்டியலைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இந்தக் காசுக்கு லைட் எரியிற கேசிங் வாங்கலாம்’ என்று சிரித்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து பட்டியலில் இருந்த ஒவ்வொரு சாமானும் எப்போது வந்தது, ஏன் அந்த விலைக்கு வந்தது என்று தேடத் தொடங்கினேன். வரலாறு படிக்கிறவனுக்கு வேற என்ன தெரியும்? தேடிக்கொண்டே போய் 1981இல் நின்றேன்.

முதலில் ஒரு விசயம் விளங்கவேணும். ஒரு கம்பனியின் புரொசசர், இன்னொரு கம்பனியின் போர்ட், மூன்றாவது கம்பனியின் கார்ட் எண்டு பொறுக்கி எடுத்துப் பூட்டலாம் என்பது இயற்கை விதி இல்லை. ஒரு ரிவியை நாங்கள் அப்படிப் பூட்டுவதில்லை, ஃபோனையும் அப்படித்தான். கொம்பியூட்டர் மட்டும் இப்படி ஆனதற்கு ஒரு அவசரம் காரணம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை அறிமுகப்படுத்தியபோது, சுருக்காகச் சந்தைக்குக் கொண்டுவரவேண்டும் என்பதற்காக இன்டெலின் 8088 புரொசசர், மைக்ரோசொஃப்ட்டின் ஒப்பரேற்றிங் சிஸ்டம் என்று வெளியாரின் சாமான்களையே கூடுதலாகப் போட்டது. மேலதிகக் கார்டுகள் செருக ஐந்து சிலொட்டுகள் வைத்தது. தொழில்நுட்ப விவரங்களைப் புத்தகமாகவே விற்றது. ஐபிஎம்முக்கு மட்டும் சொந்தமாக இருந்தது பயோஸ் என்ற சின்ன மென்பொருள் ஒன்றுதான்.

அந்தப் பூட்டை கொம்பாக் திறந்தது. பயோஸைக் கொப்பி அடித்தால் வழக்கு வரும். அதனால் ஒரு குழு ஐபிஎம்மின் பயோஸ் என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுக்க, அந்தக் கோடைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு அதே வேலையைச் செய்கிற புதுக் கோட் ஒன்றை எழுதியது. 1983இல் கொம்பாக்கின் பெட்டி சந்தைக்கு வந்தது. அடுத்த வருசமே பீனிக்ஸ் என்ற கம்பனி இப்படி எழுதிய பயோஸை யாருக்கும் விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு யாரும் பிசி செய்யலாம். 1995இல் இன்டெல் ஏரிஎக்ஸ் என்ற அளவை வெளியிட்டது. போர்டில் ஆணி எங்கே வரும், பவர் சப்ளை எந்தச் சொக்கெட்டில் கொழுவும் என்பதெல்லாம் அதில்தான் தீர்மானமானது. இன்றைக்கு பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் வாங்குகிற போர்ட் யாழ்ப்பாணத்தில் வாங்குகிற கேசிங்குக்குள் ஒழுங்காக இருக்கிறது என்றால் அந்த அளவால்தான்.

சரி, கேம் எங்கே வந்தது? 1993இல் ‘டூம்’ வந்தபோது அதற்குத் தனிக் கார்ட் தேவைப்படவில்லை, எல்லாக் கணக்கையும் புரொசசரே போட்டது. தனி முப்பரிமாணக் கார்டைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தது 1996இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பனியின் வூடூ. அது வெறும் முப்பரிமாணக் கார்ட். டெஸ்க்ரொப்பைக் காட்ட உங்களிடம் வேறொரு கார்ட் ஏற்கெனவே இருக்கவேண்டும். இரண்டையும் வெளியால் ஒரு வயரால் தொடுப்பார்கள். இந்தக் கார்டுக்குத் தேவைப்பட்ட மெமரி சிப்புகள் விலை கூடியவை. அதனால் வீட்டுப் பாவனைக்கு இது சரிவராது என்ற நிலைதான் முதலில் இருந்தது. அந்த வருசம் மெமரி விலை சடாரென்று விழுந்தது. வூடூக் கார்ட் 300 டொலருக்குக் கிட்ட வந்து நின்றது. அடுத்த ஜனவரியில் ‘குவேக்’கின் முடுக்கிய பதிப்பும் வர, பெடியள் வரிசையில் நின்றார்கள். கேமிங் கார்டின் பிறப்பில் பொறியியலாளர்களுக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு அந்த மெமரி விலைச் சரிவுக்கும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதை. ‘டூம்’ வந்த 1993இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. 1990 தொடக்கம் இருட்டு. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் எரிபொருளும் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட கதையை எங்கட வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். ஆகவே உலகம் 3டிஎஃப்எக்ஸா வேறா என்று சண்டை பிடித்த வருசங்கள் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகுதான் எங்கட தெருவுக்கு முதல் பென்ரியம் 4 வந்ததாம். நான் பார்த்த முதல் கேமும் அந்த வகைப் பெட்டியில் ஓடிய ‘கிரிக்கெட் 07’தான். அண்ணா பற் பண்ணுவார், எனக்குக் கீபோர்டில் கை வைக்க விடமாட்டார்.

குறைந்த காசில் கேமிங் என்பதற்கு ஒரு வீரக்கதை வேணும் என்றால் அது 1998தான். இன்டெல் மலிவுக்காரருக்கென்று செலரோன் என்ற புரொசசரை அந்த ஏப்ரலில் விட்டது. அதில் இரண்டாம் நிலைக் கேஷ் மெமரியையே வெட்டி எறிந்திருந்தார்கள். ஆக்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் ஆகஸ்ட் மாதம் செலரோன் 300ஏ வந்தது. இந்த முறை 128 கேபி கேஷ் இருந்தது. பென்ரியம் 2இல் 512 கேபி இருந்தாலும் அது புரொசசரின் பாதி வேகத்தில்தான் ஓடும். செலரோனின் சின்னக் கேஷ் புரொசசரோடு ஒரே சிலிக்கனில், முழு வேகத்தில் ஓடியது. அதோடு இன்னொரு ஓட்டையும் இருந்தது. புரொசசரின் வேகம் என்பது போர்டின் பஸ் வேகத்தை ஒரு எண்ணால் பெருக்குவது. செலரோனுக்கு அந்த எண் 4.5, பூட்டப்பட்டது. பஸ் 66 மெகாஹேர்ட்ஸ் என்றால் 300 வரும். ஆனால் அதே வருசம் வந்த 440பிஎக்ஸ் போர்டுகள் 100 மெகாஹேர்ட்ஸிலும் ஓடும். 100ஐ 4.5ஆல் பெருக்கிப் பாருங்கோ, 450. சில போர்டுகளில் புரொசசர் கார்டின் ஒரேயொரு தொடுமுனையை ரேப் ஒட்டி மறைத்தாலே அது 100இல் எழும்பியது.

இப்போது விலையைப் பாருங்கோ. 300ஏ அறிமுகமான அதே நாளில் அறிமுகமான பென்ரியம் 2இன் 450 மெகாஹேர்ட்ஸ் ரகம் 669 டொலர். 300ஏ 149 டொலர். கேமில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று! இன்டெல் மனமிரங்கிக் கொடுத்த சலுகை இல்லை இது. கம்பனி போட்ட வேலிக்குள் வாங்குகிறவன் கண்டுபிடித்த பொட்டு. பிறகு வந்த புரொசசர்களில் இன்டெல் அந்தப் பொட்டை அடைத்துக்கொண்டே போனது, கூட்டி ஓட்டுவதற்கு விலை கூடிய ரகம்தான் வாங்கவேணும் எண்டு ஆக்கியது.

நடுவில் கனக்க நடந்தது, எல்லாம் சொன்னால் விடியும். 3டிஎஃப்எக்ஸ் தோற்று அதன் சொத்துகள் என்விடியாவுக்குப் போயின. புரொசசரில் இன்டெல் கனகாலம் தனியாக ஓடியது. 2017இல் ஏஎம்டி றைசனோடு திரும்பி வந்த பிறகுதான் மலிவுப் பக்கம் மறுபடி கலகலப்பானது. அந்த வருசத் தொடக்கத்தில் இன்டெலும் ஜி4560 என்ற பென்ரியத்தை 64 டொலருக்கு விட்டது. இரண்டு கோர், நான்கு திரெட். அதற்கு முதல் அந்த வசதிக்கு ஐ3 வாங்கவேண்டும். ஏஎம்டி செய்த இன்னொரு நல்ல காரியம் ஏஎம்4 சொக்கெட். 2017இல் வாங்கிய பல போர்டுகளில் பயோஸை மாத்தினால் 2022இல் வந்த றைசன் 5 5600 ஓடுகிறது. இன்றைக்கு ஒரு சாமான், அடுத்த வருசம் இன்னொரு சாமான் என்று வாங்குகிற எங்களைப் போன்ற ஆக்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஆனால் அதே காலத்தில் கார்ட் பக்கம் வேற ஆள் வந்து புகுந்தான். ஈதரியம் காசு தோண்டுவதற்குக் கேமிங் கார்ட் நல்லது என்று கண்டுபிடித்தார்கள். 2017 கடைசியிலும் பிறகு 2021இலும் கார்ட் விலை ஏறிப் பறந்தது. 2018 பெப்ரவரியில் 99 டொலருக்கு வந்த றைசன் 3 2200ஜி புரொசசருக்குள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் இருந்ததால், கார்டே வாங்காமல் கேம் விளையாட வழி கிடைத்தது. 2022 செப்டெம்பர் 15இல் ஈதரியம் தோண்டுகிற முறையையே கைவிட்டது. தோண்டிய கார்டுகள் எல்லாம் பழைய சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன.

உலகம் அந்த மலிவைக் கொண்டாடிய நேரம் நாங்கள் எங்கே நின்றோம்? 2020 தொடக்கமே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்துகொண்டிருந்தன. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200க்குக் கிட்ட நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. அறிமுக விலை 139 டொலரான ஜிரிஎக்ஸ் 1050 ரிஐ எடுத்துக்கொண்டால், வரி, லாபம் ஒன்றும் சேர்க்காமலே 27,800 ரூபாய்ச் சாமான் 50,040 ஆகிறது. கார்ட் அதே கார்ட். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. பெற்றோல் வரிசையில் நின்ற அப்பாவிடம் கார்டைப் பற்றிக் கதைக்க முடியுமா? பள்ளிக்கூடக் கொப்பியில் நான் எழுதிவைத்த பட்டியலை அந்த மாதம்தான் கிழித்தேன்.

இதையெல்லாம் வாசித்த பிறகு என் பட்டியல் மாறியது. கந்தோர்களிலிருந்து கழித்த பிராண்ட் பெட்டி ஒன்றை வாங்கி அதற்குள் 1050 ரிஐ செருகலாம் என்பது முதல் யோசனை. அந்தக் கார்டுக்குத் தனி பவர் வயர் வேண்டாம், சிலொட்டில் வருகிற 75 வோட்ஸ் போதும். ஆனால் அந்தப் பெட்டிகள் பலதில் போர்டும் பவர் சப்ளையும் கம்பனியின் சொந்த அளவு. பிறகு ஒன்று பழுதானால் கடையில் கிடைக்கிற சாமான் கொழுவாது. 1983இல் உடைத்த பூட்டைத் திரும்பவும் நானே போடுவதா? விட்டுவிட்டேன். ஒரு பழைய ஏஎம்4 போர்ட், பாவித்த றைசன் 5 3600, பாவித்த ஆர்எக்ஸ் 580 என்று முடிவானது.

580இலும் ஒரு குழி இருக்கிறது. 2018இல் சீனச் சந்தைக்கென்று அதே பெயரில் 2048எஸ்பி என்ற ரகம் ஒன்று வந்தது. உண்மையான 580இல் கணிப்பு அலகுகள் 2304, இதில் 2048. பெயர்தான் 580, உள்ளே 570. நான் பார்த்த முதல் இரண்டும் அதுதான். விற்றவருக்கே தெரியாது போல. மூன்றாவதைச் செருகி, மென்பொருளில் எண்ணைப் பார்த்து, அரை மணித்தியாலம் கேம் ஓடவிட்டு, காத்தாடிச் சத்தம் கேட்டுத்தான் காசு கொடுத்தேன். பவர் சப்ளை மட்டும் புதுசு. அதில் மிச்சம் பிடித்தால் மற்றச் சாமான் எல்லாத்தையும் கொண்டுபோகும். கேசிங்கில் ஒரு லைட்டும் இல்லை.

கடைசியாக வாங்கப் போனது றாம். 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு நிலையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, விலை கிழமைக்குக் கிழமை ஏறுகிறது. மைக்ரோன் கம்பனி தன் குறூசியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. 1996இல் எந்தக் கதவு திறந்ததோ அதுவே இப்ப சாத்துப்படுகிறது. முதல் நாள் ஃபோனில் கேட்ட விலையை அடுத்த நாள் கடையில் சொல்லவில்லை. இரண்டு 8 ஜிபி வாங்க வைத்திருந்த காசுக்கு ஒன்றுதான் கிடைத்தது. இரண்டு இருந்தால் வேகம் கூட என்று எனக்கும் தெரியும். பக்கத்துச் சிலொட் வெறுமையாக இருக்கிறது, அடுத்த மகாபொல வரட்டும். இப்போதைக்கு ‘கிரிக்கெட் 07’ஐப் போட்டுவைத்திருக்கிறேன். அண்ணா லீவில் வந்தால் இந்த முறை கீபோர்ட் என் கையில்.